பதினேழாம் எண்

நெடுவன்விடுதி,
22-6-2024

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

நலம் விசாரிப்பதைச் சற்றுத் தள்ளிவைக்கிறேன். செய்தி அப்படிப்பட்டது. கடந்த புதன்கிழமை முற்பகல் பதினொன்றே கால் மணிக்கு, நெடுவன்விடுதி அரசு உயர்நிலைப்பள்ளி ஒன்பதாம் வகுப்பில், வரலாற்றுப் புத்தகத்தில் வரும் ஆண்டுகளுக்கு இனிமேல் சிவப்பு மையால் அடிக்கோடு இடுவதில்லை என்று முடிவெடுக்கப்பட்டது. நான் முன்மொழிந்தேன். முப்பத்தாறு பேர் வழிமொழிந்தார்கள். ரிஃபாய் என்ற பையன் மட்டும் அன்று காலைதான் சிவப்புப் பேனா வாங்கியிருந்ததால் எதிர்த்தான். தலைமையாசிரியருக்கு எழுத்து மூலம் தெரிவித்தேன். அவர் இரண்டு நாள் யோசித்து, பச்சை மையும் கூடாது என்று சேர்த்துக் கையெழுத்திட்டார்.

மே மாதம் எங்களுக்கு ஐந்து நாள் பயிற்சி நடந்தது. பிள்ளைகளை ஒப்பிக்க வைக்காமல் சிந்திக்க வைப்பது எப்படி என்பதை ஒருவர் ஐந்து நாளும் திரையைப் பார்த்து வாசித்தார். நாங்கள் எழுதிக்கொண்டோம். கேள்வி கேட்க நேரம் ஒதுக்கப்படவில்லை. இருந்தும் அதில் ஒன்று எனக்குப் பிடித்துவிட்டது. எந்தச் செய்தியையும் நம்புவதற்கு முன் மூன்று கேள்வி கேட்க வேண்டும். யார் சொன்னது? அவருக்கு எப்படித் தெரியும்? அவர் சொல்லாமல் விட்டது எது? இந்த மூன்றையும் கரும்பலகையின் மேல் ஓரத்தில் எழுதி, யாரும் அழிக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

ராஜாக்களிடம் போவதற்கு முன் நம் பள்ளியின் வரலாற்றை ஆதாரத்தோடு எழுதிப் பழகட்டும் என்று நினைக்கிறேன். நான் அறந்தாங்கியில் படித்தவள்; எனக்கு இந்தப் பள்ளியின் பழைய கதை தெரியாது. நீங்கள் இங்கே பதினோரு வருஷம் வாத்தியாராக இருந்தவர்கள். பழைய பதிவேடுகளை எங்கே வைத்தீர்கள் என்று எழுதுங்கள். போனில் கேட்கலாம்தான். உங்களுக்குப் பாதி காதில் விழுவதில்லை, மீதியை உங்கள் பெண் மணிமேகலை மாற்றிச் சொல்கிறாள். தவிர, பேசியது காற்றோடு போகும், எழுதினால்தான் ஆதாரம் என்று என் பிள்ளைகள் சொல்கிறார்கள்.

இங்கே எல்லோரும் சுகம். உங்கள் சர்க்கரை எந்த அளவில் இருக்கிறது?

உங்கள் மகள்,
சிவரஞ்சனி


ஜெகதாப்பட்டினம்,
1-7-2024

அன்பு மகள் சிவரஞ்சனிக்கு ஐயனார் சித்தப்பாவின் ஆசிகள்.

சர்க்கரை அதன் இஷ்டத்தில் இருக்கிறது. நான் அதற்குத் தடையாக இல்லை. மணிமேகலையும் மாப்பிள்ளையும் நலம். மாப்பிள்ளைக்கு ஐஸ் பிளாண்டில் இரண்டு ஷிப்ட் வேலை. கடலுக்குத் தடைக்காலம் முடிந்து படகுகள் போகத் தொடங்கிவிட்டன.

சிவப்பு மை பற்றிய உன் முடிவைப் படித்தேன். முப்பத்தைந்து வருஷம் அடிக்கோடு போட வைத்தவன் நான். ஒரு பையனும் அதனால் கெட்டுப்போகவில்லை, ஒரு பையனுக்கும் அதனால் வரலாறு தெரிந்ததாகவும் நினைவில்லை. உன் மூன்று கேள்வியும் நல்ல கேள்விகள். அவற்றை நம் குடும்பத்துக் கல்யாணங்களில் கேட்காமல் இருந்தால் சரி.

பழைய பதிவேடுகள் சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால் இருந்த அறையில், இரும்புப் பெட்டியில் கிடந்தன. இந்நேரம் கறையான் படித்து முடித்திருக்கும். அதைத் தேடி நேரத்தை வீணாக்காதே. நார்த்தாமலைக்குப் பிள்ளைகளை ஒரு நாள் கூட்டிப் போ. மலைமேல் சோழர் காலத்துக் கோயில் இருக்கிறது. ஆயிரம் வருஷமாகக் கல்லாக நிற்கிறது, எந்தக் கேள்வி கேட்டாலும் அதற்கு ஒன்றும் ஆகாது.

அன்புடன்,
ஐயனார்


நெடுவன்விடுதி,
22-7-2024

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

சுகம்தானே. எனக்கு முழங்கால் வலி வந்துவிட்டது. நார்த்தாமலை ஏறியதில் வந்தது. உங்கள் யோசனைதான்.

இரும்புப் பெட்டி கிடைத்தது. கறையான் அட்டையை மட்டும் தின்றுவிட்டு உள்ளே போகவில்லை. பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். அவரவர் அப்பா அம்மா வராத நாட்களை எண்ணி எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் மூன்று அப்பாக்கள் என்னைப் பார்க்க வந்தார்கள்.

ஒரு விஷயம் உங்களிடம் கேட்க வேண்டும். 1995-96, இது நடுநிலைப்பள்ளியாக இருந்த காலம், ஐந்தாம் வகுப்பு, உங்கள் வகுப்பு. நாற்பது பேர். வரிசை எண் பதினேழு, கோபிநாத். அப்பா பெயர் முத்துராஜ், கல் உடைக்கும் தொழில், ஊர் குறிப்பிடவில்லை. ஜூன் முதல் ஒரு நாள்கூட விடாமல் வந்திருக்கிறான். மற்ற முப்பத்தொன்பது பேருக்கும் அம்மை, காய்ச்சல், திருவிழா என்று ஏதாவது இருக்கிறது. இவனுக்கு ஒன்றும் இல்லை. டிசம்பர் 12, செவ்வாய்க்கிழமையோடு நிற்கிறது. அதற்குப் பிறகு வரவில்லை என்ற குறியும் இல்லை, பெயரை அடிக்கவும் இல்லை, மாற்றுச் சான்றிதழ் வாங்கிப் போனதற்கான பதிவும் இல்லை. மார்ச் வரை கட்டம் வெறுமையாக இருக்கிறது.

இதைக் கண்டுபிடித்தவள் இளமதி என்ற பெண். எங்கள் வகுப்பில் அதிகம் பேசாதவள். "டீச்சர், வராதவனுக்குக் கூட ஒரு குறி இருக்கு. இவனுக்கு எதுவுமே இல்லையே" என்றாள். வகுப்பு அன்றோடு பள்ளி வரலாற்றை விட்டுவிட்டது. எல்லோருக்கும் இப்போது கோபிநாத்தான் பாடம்.

அவன் எங்கே போனான் என்று உங்களுக்கு நினைவிருக்கிறதா?

உங்கள் மகள்,
சிவரஞ்சனி


ஜெகதாப்பட்டினம்,
2-9-2024

அன்பு மகளுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. இங்கிட்டு நிலைமை சரியில்லை. போன மாதம் கடலுக்குப் போன இரண்டு விசைப்படகுகள் எல்லை தாண்டியதாகப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். பக்கத்துத் தெருவில் நான்கு வீட்டில் அடுப்பு ஒழுங்காக எரியவில்லை. மாப்பிள்ளை ஐஸ் பிளாண்டுக்குப் போவதும் வருவதுமாக இருக்கிறார். ஐஸ் வாங்க ஆளில்லை. என் காது அப்படியே இருக்கிறது.

முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

நீ கேட்டது இருபத்தொன்பது வருஷத்துக்கு முந்திய சங்கதி. கல்குவாரிக்கு ஆள் வருவார்கள், போவார்கள். பிள்ளைகளைக் கொண்டுவந்து சேர்ப்பார்கள், சொல்லாமல் கொள்ளாமல் போய்விடுவார்கள். நாங்கள் யாரையும் தேடிப் போனதில்லை. அப்படி முகம் எதுவும் என் நினைவில் இல்லை.

பிள்ளைகளுக்குப் பரீட்சை வருகிறதல்லவா. பாடத்தை முடி.

ஐயனார்


நெடுவன்விடுதி,
21-9-2024

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

அந்த மீனவர்கள் திரும்பிவிட்டார்களா? பேப்பரில் பார்க்கும்போதெல்லாம் உங்கள் தெருவாக இருக்குமோ என்று படிக்கிறேன். என் கால் தேவலாம்.

கோபிநாத் விஷயம் வளர்ந்துவிட்டது. சேர்க்கைப் பதிவேட்டிலும் இருக்கிறான், மதிப்பெண் பதிவேட்டிலும் இருக்கிறான். தமிழ் 41, கணக்கு 38. இலவசச் சீருடை வாங்கியிருக்கிறான். வலது முழங்கையில் தழும்பு என்று அங்க அடையாளம் எழுதியிருக்கிறது. இளமதிதான் மறுபடியும் எழுந்தாள். எல்லாம் ஒரே கையெழுத்தாக இருக்கிறது, ஒருவர் நான்கு இடத்தில் எழுதினால் அது நான்கு ஆதாரம் ஆகாது, ஒன்றுதான் என்றாள். ஐந்து நாள் பயிற்சியில் எங்களுக்குக்கூட யாரும் இதைச் சொல்லவில்லை. அப்படியானால் எழுதியவரைத் தவிர வேறு யாராவது அவனைப் பார்த்திருக்க வேண்டும் என்று முடிவு செய்து, நோட்டை எடுத்துக்கொண்டு எல்லோரும் ஊருக்குள் கிளம்பிவிட்டார்கள்.

முதல் நாள் யாருக்கும் நினைவில்லை. பிள்ளைகள் மறுநாளும் போனார்கள். சீருடை, தழும்பு, கல்குவாரி என்று சொல்லிச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். பிள்ளைகள் வெறுங்கையோடு திரும்பக் கூடாது என்று இந்த ஊர்க்காரர்கள் நினைத்தார்களோ என்னவோ, மூன்றாம் நாள் முதல் நினைவு வரத் தொடங்கிவிட்டது. இப்போது பதினான்கு பேர் பார்த்திருக்கிறார்கள். பஸ் ஸ்டாப்பில் பெட்டிக்கடை வைத்திருக்கும் சுடர்விழி அந்த வகுப்பில் படித்தவள். "கடைசி வரிசை. வாயே தொறக்க மாட்டான். திரும்பிப் பார்த்தா இருப்பான்" என்கிறாள்.

எல்லாரையும்விட அதிகம் சொன்னவர் பிச்சையண்ணன். உங்கள் காலத்தில் மணியடித்துப் பெருக்கியவர். எழுபத்திரண்டு வயதாகியும் பள்ளியில் எல்லோருக்கும் இன்னும் அண்ணன்தான். பள்ளிக்குப் பின்னால் தனியாக இருக்கிறார். அவரும் முதலில் தெரியாது என்றுதான் சொன்னார். பிறகு ஒரு நாள் அவரே வகுப்புக்கு வந்தார். மார்கழிக்கு முந்தி நல்ல மழை, ஒரு பையனைத் தோளில் தூக்கிக்கொண்டு கல்குவாரிக் கொட்டகை வரை போனாராம். கொட்டகையில் ஆள் இல்லை. வாசலில் இறக்கிவிட்டுத் திரும்பிவிட்டாராம்.

கொட்டகைக்குப் பத்தடியில் குழி. இப்போது அது தண்ணீர் நிற்கிற குட்டை.

வகுப்புப் புகைப்படம் ஏதாவது உங்களிடம் இருக்கிறதா? இங்கே இல்லை.

உங்கள் மகள்,
சிவரஞ்சனி


நெடுவன்விடுதி,
28-10-2024

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

தீபாவளி வாழ்த்துகள். பதில் இல்லையே, உடம்புக்கு ஏதும் இல்லையே என்று மணிமேகலைக்குப் போன் செய்தேன். நன்றாகத்தான் இருக்கிறீர்கள், கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு மடித்து வைத்தீர்கள் என்றாள்.

பிச்சையண்ணனைப் பற்றி எழுதுகிறேன். ஊரில் யாரும் அவரை ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் சங்கடம். டீக்கடையில் அவர் உட்கார்ந்தால் பெஞ்சு காலியாகிறது. அவர் வீட்டு வழியாகப் பள்ளிக்கு வந்த சின்னப் பிள்ளைகள் இப்போது சுற்றி வருகிறார்கள். ஒருவர் போலீசில் சொல்லியிருக்கிறார். காணவில்லை என்று புகார் கொடுக்கப் பெற்றோர் வேண்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம். பெற்றோர் இல்லாததும் ஊரில் அவர் கணக்கிலேயே சேர்ந்துவிட்டது.

போன வியாழக்கிழமை மூன்றாவது பீரியடில் வகுப்பு வாசலில் வந்து நின்றார். சட்டையெல்லாம் துவைத்துப் போட்டிருந்தார். உள்ளே கூப்பிட்டேன். பிள்ளைகளைப் பார்த்துத்தான் பேசினார்.

"நீங்கதான் பேப்பரு எல்லாம் பாத்துப் படிச்சிருக்கீங்க. அன்னைக்கு நான் அந்தப் பயலை எறக்கி விட்டுட்டு நேரா வந்தேனா, வேற ஏதும் பண்ணினேனா? எனக்கு வெளங்கல. பாத்துச் சொல்லுங்க."

முப்பத்தேழு பேரும் நோட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். பீரியட் மணி அடிக்கிற வரைக்கும் அவர் நின்றார். பிறகு, நல்லாப் பாத்துட்டே சொல்லுங்க, அவசரமில்ல என்று சொல்லிவிட்டுப் போனார்.

சித்தப்பா, அந்த வகுப்பு உங்கள் வகுப்பு. அந்தக் கையெழுத்து உங்கள் கையெழுத்து. உங்களுக்குத் தெரிந்ததை எழுதுங்கள்.

சிவரஞ்சனி


ஜெகதாப்பட்டினம்,
11-11-2024

அன்பு மகள் சிவரஞ்சனிக்கு,

உடம்பு சரியாக இருக்கிறது. அதைப் பற்றி இனி கேட்க வேண்டாம்.

கோபிநாத் என்று ஒரு பையன் கிடையாது.

அந்த வருஷம் ஐந்தாம் வகுப்பில் நாற்பது பேர் இருந்தால்தான் என் பணியிடம் நிற்கும் என்ற நிலைமை. முப்பத்தொன்பது பேர்தான் இருந்தார்கள். பணியிடம் போனால் என்னை மணமேல்குடிப் பக்கம் தூக்கியடிப்பார்கள். உன் சித்திக்கு அப்போது நிறைமாதம். தலைமையாசிரியரும் நானும் உட்கார்ந்து பேசினோம். அவர் காலமாகிப் பன்னிரண்டு வருஷமாகிறது. மற்ற பள்ளிகளில் பத்து, இருபது என்று சேர்த்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் ஒருவனோடு நிறுத்திக்கொண்டோம். அதை அப்போது நேர்மை என்று நினைத்தேன். எந்தப் பக்கம் மாற்றிவிடுவார்கள் என்று பயந்தேனோ, அந்தப் பக்கத்தில்தான் இப்போது குடியிருக்கிறேன்.

ஊர்ப் பெயர்களில் எதை வைத்தாலும் யாராவது வந்து என் பிள்ளையா என்று கேட்பார்கள். அதனால் இந்த ஊரில் யாரும் வைக்காத பெயராக வைத்தேன். அப்பனுக்குக் கல்குவாரி வேலை கொடுத்தேன், தேடி வரமாட்டான் என்பதால். மார்க்கைச் சுமாராகப் போட்டேன். பெயில் ஆனாலும் முதலில் வந்தாலும் ஆள் கவனிப்பார்கள். தழும்பு மட்டும் ஏன் போட்டேன் என்று தெரியவில்லை. அங்க அடையாளம் என்ற கட்டம் காலியாக இருந்தது.

டிசம்பர் 12 அன்று அதிகாரி வந்து தணிக்கை முடித்தார், பணியிடம் நிலைத்தது. மறுநாளிலிருந்து நான் அவனுக்குக் குறி போடவில்லை. பெயரை எடுக்க மாற்றுச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். அதற்குத் தகப்பனார் கையெழுத்து வேண்டும். கள்ளக் கையெழுத்துப் போடுவது தப்பு என்று விட்டுவிட்டேன்.

முன்னமே எழுதியிருக்க வேண்டும். பொய்ப் பதிவு என்று ஆனால் ஓய்வூதியத்தை நிறுத்துவார்கள் என்ற பயம். மகள் வீட்டில் இருக்கிறவன் அது இல்லாமல் இருக்க முடியாது. அதை நினைத்துத்தான் ஜூலையிலிருந்து இன்று வரை கடத்தினேன்.

இந்தக் கடிதத்தை வகுப்பில் வாசி. அதற்கு முன் பிச்சையிடம் வாசி.

ஐயனார்


நெடுவன்விடுதி,
25-11-2024

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

உடம்பைப் பற்றிக் கேட்கவில்லை. இங்கே நாங்கள் நலம்.

சொன்னபடி முதலில் பிச்சையண்ணனிடம் வாசித்தேன். முழுதும் கேட்டார். "ஐயனார் சாரு நல்ல மனுசன். என்னையக் காப்பாத்தணும்னு இப்புடி எழுதியிருக்காரு" என்றார். நான் மறுபடியும் வாசித்தேன். அவர் இடது தோளைத் தடவிக்கொண்டு, "பயலே இல்லன்னா, அன்னைக்கு நான் தூக்கிட்டுப் போனது யாரை டீச்சர்?" என்று கேட்டார்.

வகுப்பிலும் வாசித்தேன். பிள்ளைகள் நான் கற்றுக்கொடுத்ததைத்தான் செய்தார்கள். யார் சொன்னது? வகுப்பாசிரியர், ஒரு பையன் காணாமல் போனால் முதலில் பதில் சொல்ல வேண்டியவர். எப்படித் தெரியும்? தானே செய்ததாகச் சொல்கிறார். சாட்சியாக ஒரு இறந்தவரைச் சொல்கிறார். பையனே இல்லை என்றால் யாருக்கு நல்லது? அவருக்கு. எப்போது சொன்னார்? நான்கு மாதம் கழித்து, அதுவும் முகம் நினைவில்லை என்று ஒரு முறை எழுதிவிட்டு. அந்தப் பக்கம் மூன்று பதிவேடு, ஒரு சீருடைப் பட்டியல், பதினான்கு சாட்சிகள். இந்தப் பக்கம் ஒரு கடிதம். கை தூக்கச் சொன்னேன். முப்பத்தொரு பேர் உங்களை நம்பவில்லை. உங்கள் கடிதத்துக்கு எண் போட்டு, நம்பகம் குறைந்தது என்று ஒரு சீட்டு ஒட்டிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். மனம் வருந்த வேண்டாம். அழகான கையெழுத்து என்று எல்லோரும் சொன்னார்கள்.

இளமதி எந்தப் பக்கமும் கை தூக்கவில்லை. உங்கள் கடிதம் உண்மையாகத்தான் இருக்கும், ஆனால் முழுசாக இல்லை என்றாள். மூன்றாவது கேள்விதான் அவளுக்கு. அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"சாரு தெனமும் பேரு வாசிச்சிருப்பாருல்ல டீச்சர். பதினாறு முடிஞ்சதும் கோபிநாத்னு வாசிச்சாரா, தாண்டிப் போனாரா? வாசிச்சாருன்னா, யாரு பதில் சொன்னா? அதை எழுதலையே."

பிச்சையண்ணன் இப்போது பகல் முழுக்கக் குட்டைக் கரையில்தான் இருக்கிறார். சாப்பாட்டைப் பிள்ளைகள் மூலம் அனுப்புகிறேன். இளமதி மட்டும்தான் கொண்டுபோகச் சம்மதிக்கிறாள்.

சிவரஞ்சனி


ஜெகதாப்பட்டினம்,
20-12-2024

அன்பு மகளுக்கு,

இங்கே நான்கு நாளாக மழை. படகுகள் கரையில் கட்டிக் கிடக்கின்றன. பிடித்துப் போனவர்களில் ஏழு பேர் வந்துவிட்டார்கள்.

அந்தப் பெண்ணிடம் இதைச் சொல்.

வாசித்தேன். தாண்டிப் போனால் பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொல்லிவிடும். சேர்ந்திருக்கிறான், வருவான் என்று சொல்லி வைத்திருந்தேன். முதல் வாரம் பெயரை வாசித்ததும் பிள்ளைகள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். நான் பேனாவால் குறி போட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விடுவேன். இரண்டாவது வாரமோ மூன்றாவது வாரமோ, சிரிப்பு நின்றது. பின்னாலிருந்து "உள்ளேன் ஐயா" என்று ஒரு குரல் வந்தது.

எவனோ குறும்பு செய்கிறான், நமக்கும் நல்லதுதான் என்று விட்டுவிட்டேன். அன்றிலிருந்து டிசம்பர் 12 வரை தினமும் வந்தது. காய்ச்சல் காலத்தில் பாதி வகுப்பு வராத நாட்களிலும் வந்தது. அப்போது என் காது நன்றாக இருந்தது. ஒரு நாளும் நான் தலை நிமிர்ந்து பார்க்கவில்லை.

13ஆம் தேதி அந்தப் பெயரை வாசிக்கவில்லை. பதினாறுக்குப் பிறகு பதினெட்டு வாசித்தேன்.

புகைப்படம் கேட்டாய். இருக்கிறது. செப்டம்பரில் எடுத்தது. அட்டையில் மாணவர்கள் நாற்பது என்று அச்சடித்திருப்பது நான் போட்டோக்காரரிடம் சொன்ன எண்ணிக்கை. நின்றவர்கள் முப்பத்தொன்பது பேர். உன் கடிதம் வந்த பிறகுதான் எண்ணிப் பார்த்தேன். நாற்பது முகம் இருக்கிறது. மணிமேகலையை எண்ணச் சொன்னேன், நாற்பது என்றாள். பெயர் தெரியாத முகம் எது என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். எல்லா முகத்துக்கும் பெயர் சொல்ல முடிகிறது. முப்பத்தொன்பது பெயர்தான் வருகிறது. மறுபடியும் எண்ணினால் நாற்பது.

கல்வி அலுவலகத்துக்கு நானே எழுதிவிட்டேன். கோபிநாத்தின் பதிவு பொய், போட்டவன் நான், என்ன நடவடிக்கையானாலும் எடுங்கள் என்று. அலுவலகம் சொன்னால் ஊர் நம்பும். பிச்சையிடம் அதுவரை பொறுத்திருக்கச் சொல்.

ஐயனார்


ஜெகதாப்பட்டினம்,
3-2-2025

அன்பு மகளுக்கு,

பொங்கலுக்கு நீ எழுதுவாய் என்று பார்த்தேன். எழுதவில்லை. பிச்சை எப்படி இருக்கிறான் என்பதை நீ எழுதாததிலிருந்து தெரிந்துகொண்டேன்.

அலுவலகத்திலிருந்து பதில் வந்துவிட்டது. நகல் எடுத்து அனுப்பலாம் என்றால் கடை பூட்டியிருக்கிறது. வேண்டியதை மட்டும் எழுதுகிறேன்: "மேற்படி மாணவர் கோபிநாத், த/பெ முத்துராஜ், 1995-96ஆம் கல்வியாண்டில் பயின்றமை சேர்க்கைப் பதிவேடு, வருகைப் பதிவேடு, மதிப்பெண் பதிவேடு ஆகிய மூன்று ஆவணங்களாலும் ஐயத்திற்கிடமின்றி உறுதியாகிறது. எனவே மேற்படி மாணவர் இல்லை எனக் கோரும் தங்கள் மனு ஏற்கத்தக்கதன்று எனத் தெரிவிக்கப்படுகிறது. தங்கள் ஓய்வூதியம் தொடர்பாக எவ்வித ஆட்சேபனையும் இல்லை."

மூன்றும் என் கையெழுத்து என்பதை ஒன்பதாம் வகுப்புப் பெண் பார்த்தாள். அவர்கள் பார்க்கவில்லை.

எழுதி ஒன்றும் ஆகாது. இனி வாயால்தான் சொல்ல வேண்டும். வருகிற 15ஆம் தேதி சனிக்கிழமை காலை பஸ்ஸில் அறந்தாங்கி வந்து, அங்கிருந்து ஆலங்குடி வழியாக வந்துவிடுகிறேன். பிச்சையைப் பக்கத்தில் உட்கார வைத்து, ஊரார் முன்னால் எல்லாவற்றையும் சொல்கிறேன். அவன் யாரையும் தூக்கிப் போகவில்லை, அவன் மேல் ஒரு தப்பும் இல்லை என்று என் வாயால் அவன் கேட்க வேண்டும். அதுவரை அவனைக் குட்டைப் பக்கம் விடாதே.

ஐயனார்


நெடுவன்விடுதி,
12-2-2025

சித்தப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. அன்று மாலையே பிச்சையண்ணனிடம் வாசித்துக் காட்டினேன். அலுவலகத்தின் பதிலை இரண்டு முறை வாசிக்கச் சொன்னார். பையன் இருந்தது உறுதி என்று கவர்மெண்டே சொல்லிவிட்டதே என்றார். நீங்கள் வருவதைச் சொன்னேன். சந்தோஷப்பட்டார். "சாரு வந்து பேரு வாசிக்கட்டும். பய இருந்தான்னா சொல்லுவான்ல" என்றார்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவர் வீட்டிலேயே இருந்தார். சாப்பிட்டார். இளமதி போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

திங்கட்கிழமை காலை ஆடு ஓட்டிப் போனவர்கள் குட்டையில் பார்த்தார்கள். அந்த இடத்தில் தண்ணீர் இடுப்பளவுதான். ஆலங்குடியிலிருந்து போலீஸ் வந்தது. செவ்வாய்க்கிழமை அடக்கம் செய்தோம். உறவுக்காரர்கள் யாரும் இல்லை, பள்ளியிலிருந்துதான் போனோம். வகுப்பில் முப்பத்தேழு பேரும் வந்தார்கள்.

சனிக்கிழமை நீங்கள் வர வேண்டியதில்லை. மாத்திரையை வேளைக்குச் சாப்பிடுங்கள். மணிமேகலையைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

கரையில் கிடந்த பொருட்கள் என்று போலீஸ் ஒரு பட்டியல் எழுதியது. சாட்சியாக நான் கையெழுத்துப் போட்டேன். துண்டு ஒன்று. தூக்குவாளி ஒன்று. ரப்பர் செருப்பு இரண்டு ஜோடி. ஒன்று ஒன்பதாம் நம்பர், மற்றது இரண்டாம் நம்பர், சிறு பிள்ளை அளவு, குதிகால் தேய்ந்தது.

சிவரஞ்சனி